இலத்தீனில் ஒரு குவளைத் தண்ணீர்

எங்கள் மறைமாவட்டத்தின் ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் 88 வயது நிறைந்த முதிய தந்தை ஒருவர் வாழ்கிறார். அவர் குருமாணவராயிருந்த காலத்தில் மெய்யியலையும் இறையியலையும் இலத்தீன் நூல்களைக் கொண்டே கற்பித்தனர்; தேர்வில் விடையளிப்பதும் அம்மொழியில்தான். இன்று முதுமையின் மறதியால் தமிழ்ச் சொற்கள் தடுமாறும் வேளைகளில், இளமையில் படிந்த இலத்தீன் அவர் நாவில் எழுகிறது.

சென்ற தவக்காலத்தில் அவரைக் காணச் சென்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னை நோக்கி, மெல்லிய குரலில், "சித்சியோ" என்றார். 'தாகமாயிருக்கிறது' என்பது பொருள். சிலுவையில் தொங்கிய ஆண்டவரின் ஐந்தாம் வார்த்தை அன்றோ அது! பெரிய வெள்ளிக்கு நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்த மறையுரையும் அதைப் பற்றியதே. மூத்த குரு ஆண்டவரின் பாடுகளோடு ஒன்றித்திருக்கிறார் என்றெண்ணிக் கைகூப்பித் தலைகவிழ்ந்து நின்றேன். மீண்டும் "சித்சியோ" என்றார். நான் இன்னும் பக்தியோடு நின்றேன். அப்போது உள்ளே வந்த அருட்சகோதரி, குவளையில் தண்ணீர் ஊற்றி அவர் உதட்டருகே பிடித்தார். சகோதரிக்கு இலத்தீன் தெரியாது. உலர்ந்த உதடுகளை அவர் பார்த்தார், அவ்வளவே.

நான் குருமடத்தில் இரண்டு ஆண்டுகள் இலத்தீன் பயின்றவன். வேற்றுமை உருபுகளை மனனம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். ஆயினும் ஏட்டில் கண்ட சொல் ஒரு மனிதனின் வறண்ட தொண்டையிலிருந்தும் வரக்கூடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அன்று நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இம்மொழியில் இன்றும் உரையாடுவோர் உளரோ எனத் தேடலானேன். அமெரிக்கக் கார்மேல் துறவி ரெஜினால்ட் ஃபாஸ்டர் 40 ஆண்டுகள் வத்திக்கானின் இலத்தீன் மடல் பணியில் இருந்தவர். 1985 முதல் உரோமையில் கோடை வகுப்பு நடத்தி, எண்ணற்றோரை இலத்தீன் பேசவைத்தார். பண்டை உரோமையின் தெருக்களில் எளியோரும் பேசிய மொழியைக் கற்க மேதைகளாயிருக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. 2020இல் அவர் இறைவனடி சேர்ந்தார். உரோமைக்கு அருகே ஃபிரஸ்காத்தியில் உள்ள 'விவாரியும் நோவும்' கழகத்தில் பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகத் தங்கி, அன்றாட வாழ்விலும் இலத்தீனே பேசுகின்றனர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று தம் பணித்துறப்பை இலத்தீனில் அறிவித்தபோது, அம்மொழி அறிந்த இத்தாலியப் பெண் செய்தியாளர் ஒருவரே அதை முந்தி உலகிற்குத் தெரிவித்தார்.

பல நகரங்களில் 'இலத்தீன் வட்டம்' என்ற பெயரில் ஆர்வலர்கள் கூடிப் பேசுகின்றனர். வாரம் ஒருமுறை கணினித் திரையில் கூடும் வட்டம் ஒன்றில் நானும் சேர்ந்தேன். போலந்து ஆசிரியர் ஒருவர், "இன்று என்ன உண்டீர்கள்?" என்று இலத்தீனில் வினவினார். நற்கருணையில் நிகழும் பொருள் மாற்றத்தை அம்மொழியில் விளக்கத் தெரிந்த எனக்குச் 'சோறும் குழம்பும்' என்று சொல்ல வாய் எழவில்லை! எல்லாரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். பின்னர்ப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தனர்.

மூன்று மாதங்கள் சென்றன. மீண்டும் அந்த இல்லத்திற்குச் சென்றேன். "குவோமோதோ வாலேஸ், பாத்தெர்?" என்று நலம் விசாரித்தேன். முதியவரின் கண்கள் மலர்ந்தன. குவளையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்ற பொருளில், "விஸ்னே அக்குவா?" என்றேன். நடுங்கும் விரலை உயர்த்தி, "அக்குவாம்!" என்று திருத்தினார். இரண்டாம் வேற்றுமை! நல்ல மதிப்பெண் பெற்றவன் முதல் வாக்கியத்திலேயே தோற்றேன். அவரோ தண்ணீரைப் பருகிவிட்டு, பழைய பேராசிரியரைப் போல் புன்னகைத்தார்.

இப்போது வியாழன்தோறும் மாலையில் அவரிடம் செல்கிறேன். உலகெங்கும் தேடிய இலத்தீன் வட்டம் என் பங்கிலிருந்து மிதிவண்டித் தொலைவில் இருந்திருக்கிறது. அதில் உறுப்பினர் இருவரே.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்து முதியவரும் நீங்கள் மறந்துவிட்ட ஏதோவொரு மொழியில், ஏதோவொரு பழஞ்சொல்லில் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதைச் செபம் என்றோ பிதற்றல் என்றோ எண்ணிக் கடந்துவிடாதீர்கள். முதலில் அவர் உதடுகளைப் பாருங்கள்.