தொலைந்த பார்சலுக்குக் கேஸ் போட்ட கைதி

பார்சல் தொலைந்தால் நஷ்டஈடு கேட்பது இன்று சாதாரண விஷயம். கேட்டவர் ஒரு கைதி, கேட்டது கப்பல் கேப்டனிடம், அதுவும் 1788-ல் என்றால்?

அந்தக் கைதியின் பெயர் ஹென்றி கேபிள். 1783-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் திருடியதற்காக அவருக்கும், அவருடைய அப்பாவுக்கும், ஒரு கூட்டாளிக்கும் தூக்குத் தண்டனை. மற்ற இருவரும் தூக்கில் போடப்பட, ஹென்றிக்கு மட்டும் அது நாடுகடத்தலாகக் குறைந்தது. எந்த நாட்டுக்கு? அதுதான் முடிவாகவில்லை. அதுவரை கைதிகளை அனுப்பிவந்த அமெரிக்கா, பிரிட்டனின் கையை விட்டுப் போய்விட்டது. அதனால் நார்விச் சிறையில் வருடக்கணக்கில் காத்திருப்பு.

அங்கேதான் சூசன்னா ஹோம்ஸைச் சந்தித்தார். அவரும் திருட்டு வழக்கில் தூக்கிலிருந்து தப்பியவர். 1786-ல் சிறையிலேயே அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

அதே வருடம் சூசன்னாவை ஆஸ்திரேலியா அனுப்ப பிளிமத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார் அங்கிருந்த கைதிக் கப்பலின் கேப்டன். கூட வந்த சிறைக் காவலர் சிம்ப்சன் என்ன செய்தார் தெரியுமா? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக லண்டன் போய், உள்துறை அமைச்சர் சிட்னி பிரபுவையே பார்த்துவிட்டார்! குழந்தை தாயோடு போகட்டும், ஹென்றியும் கூடவே போகட்டும் என்று உத்தரவு வந்தது. (சிட்னி நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான்.)

செய்தி பரவியதும் மக்கள் 20 பவுண்டு திரட்டினார்கள். அதில் வாங்கிய துணிமணிகளும் புத்தகங்களும் அலெக்சாண்டர் என்ற கப்பலில் ஏறின.

1788 ஜனவரியில் கப்பல்கள் சிட்னி வந்தன. பிப்ரவரி 10-ல் ஒருவழியாகக் கல்யாணமும் நடந்தது. பார்சல் மட்டும் வரவில்லை. கைக்கு வந்தது சில புத்தகங்கள்தான்.

இங்கிலாந்துச் சட்டப்படி, மரண தண்டனை விதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தாலும் செத்தவருக்குச் சமம். சொத்து வைத்திருக்க முடியாது, வழக்கும் போட முடியாது. ஆனால் ஜூலையில் கேபிள் தம்பதி கேப்டன் டங்கன் சின்க்ளேர் மேல் வழக்குப் போட்டார்கள். மனுவில் அவர்கள் கைதிகள் என்று குறிப்பிடப்படவில்லை, அந்த இடத்தின் புதிய குடியேறிகள் என்றே எழுதப்பட்டிருந்தது. கோர்ட்டும் அதைக் கிளறவில்லை. 15 பவுண்டு கொடுக்கும்படி கேப்டனுக்கு உத்தரவு போட்டது. அந்தக் காலனியின் முதல் சிவில் வழக்கு இதுதான்.

ஹென்றி பின்னாளில் தலைமைக் கான்ஸ்டபிள் ஆனார், கப்பல் வியாபாரமும் செய்தார். 1846-ல்தான் இறந்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவரையும் ஒரு மனிதராக மதித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கேப்டனுக்குச் சொன்னது அந்தத் தொலைந்த பார்சல்தான்.