சீட்டும் நிறமும்

ஐயப்பன்தாங்கலிற் பரங்கிமலை-பூந்தமல்லிச் சாலையோரத்தே கிளிச்சோதிடர் விரித்த படச்சீட்டொன்றைக் கண்டு, ஓரம்மையார் முகம் வாடினர். சீட்டிலிருந்தது காளியின் திருவுருவமே; அவரை அச்சுறுத்தியது அதன் கருநிறம். (கிளியைக் கூண்டிலடைத்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்திற்கு மாறாவது வேறு செய்தி.)

மேனாட்டார் குறிபார்க்கும் டாரட் சீட்டுக்களின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலே தோன்றிய அவை ஆட்டத்திற்கே அமைந்தன. மிலான் கோமக்கள் அவற்றைப் பொற்றகடு பதித்து எழுதுவித்தனர். அது செல்வத்தின் அடையாளம். பின்னாளில் மார்செய் முதலிய நகரங்களில் அச்சிட்டோர், உருவெட்டிய தாளை மேல்வைத்துச் சிவப்பு, நீலம், மஞ்சள் முதலிய சில வண்ணங்களையே பூசினர். மலிவான வேலைக்குச் சில வண்ணமே போதுமன்றோ? 1781இல் கூர் தெ ஜெபலென் என்பார், அவை எகிப்தியரின் பழைய ஞானநூலென்று பாரிசில் எழுதி வெளியிட்டார். மறைபொருள் அதன்பின்னரே பெருகலாயிற்று. நம் நாட்டுத் தசாவதாரக் கஞ்சிபாவிலும், 120 சீட்டுக்களைப் பத்தினமாக ஆடுவோர் பிரித்தறியவே நிறம் உதவிற்று.

நிறத்திற்குப் பொருளே இல்லையோ எனின், உண்டு. அதனை வகுத்துரைத்த நூலிற் காணல்வேண்டும். திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம், மண்ணிற்குப் பொன்மை, புனலுக்கு வெண்மை, அனலுக்குச் செம்மை, வளிக்குக் கருமை, வானிற்குப் புகைநிறம் என ஐந்து பூதங்கட்கும் நிறங் கூறுகின்றது. அம்மையாரை அஞ்சுவித்த கருமை ஆண்டுக் கேட்டிற்குரியதன்று. நாம் ஓயாது உயிர்க்கும் காற்றிற்குரியது.