மணப்பாட்டு மணல்மேட்டில் ஒரு மருந்தாளர்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஆலந்தலையையும் குலசேகரன்பட்டினத்தையும் கடந்து சென்றால், பனைகளுக்கு மேலாக மணல்மேடும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் கண்ணிற்படும். 1581ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கோயில் அது. செப்டம்பர் 14இல் நிறைவுறும் திருவிழாவுக்கு முத்துக்குளித்துறை முழுவதுமிருந்து மக்கள் வந்து கூடுவர். மேட்டின் கடலோரச் சரிவில், புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை உள்ளது. உப்பலைகள் மோதும் பாறைக்கு அருகில், அக்குகைக் கிணற்றில் நன்னீர் ஊறுவது காண்போரை வியக்கவைக்கும்.

திருப்பயணிகள் இவற்றையெல்லாம் தரிசித்து, பனையோலைப் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு மாலைப் பேருந்தைப் பிடித்துவிடுவர். ஆனால் மணப்பாடு என்றதும் கோயிலுக்கு அடுத்தபடியாக என் நினைவில் எழுவது ஒரு திண்ணை. அரசு மருந்தகங்களில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தாய்மாமன், 93ஆம் வயதில் இறைவனடி சேரும்வரை நாள்தோறும் அமர்ந்திருந்த திண்ணை அது. ஊரார் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முதியவர்களுக்கு அவர் 'கம்பவுண்டர்', மற்றவர்களுக்கு 'மருந்தையா'.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து மருந்தகம் எப்படி இருந்ததென்று தெரிய வாய்ப்பில்லை. நோயாளியே வீட்டிலிருந்து காலிக் குப்பியைக் கழுவிக்கொண்டு வரவேண்டும். மருந்தாளர் அதில் கலவை மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரியும்படி ஓரம் பல்பல்லாக வெட்டிய காகிதத் துண்டை ஒட்டித் தருவார். கல்வத்தில் அரைத்த பொடியைச் சிறு தராசில் நிறுத்து, காகிதத்தில் மடிப்பார். மாமா கற்றுக்கொண்டது அவுன்ஸ், டிராம், கிரெய்ன் கணக்கில். பின்னர் மெட்ரிக் முறை வந்தபோது கிராமும் மில்லிலிட்டரும் பயின்றார். இரண்டு கணக்கிலும் அவர் கை பிசகாது. "மருமகனே, கறியில் உப்புக் குறைந்தால் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிடலாம், மருந்தில் குறைந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார். அளவைப் பற்றி அவர் செய்த உபதேசம் அவ்வளவே.

அவருடைய உண்மையான போராட்டம் காசநோயோடு நடந்தது. காசநோயாளி மருத்துவ இல்லத்தில் படுத்தே தீரவேண்டும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், ஒழுங்காக மருந்துண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது. அதன் முடிவுகள் 1959இல் வெளிவந்தன. கடற்கரை ஏழைக்கு இது நற்செய்தியே. ஆயினும் 'ஒழுங்காக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் சிக்கல் இருந்தது. இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமாகிறது. அன்றோ ஓராண்டுக்கும் மேல் உண்ணவேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறும், மீனவன் வள்ளத்தில் ஏறிவிடுவான். பருவம் மாறினால் வேறு கரைக்குப் பாட்டுக்குப் போவான். மருந்து நின்றுபோகும். நின்றுபோனால் எஞ்சிய கிருமிகள் வலுப்பெற்று, பழைய மருந்துக்கு அடங்காமல் திரும்பிவரும்.

அப்படித் திரும்பி வந்த ஓர் இளைஞனை மாமாவால் காப்பாற்ற இயலவில்லை. மணமாகி ஓராண்டுகூட ஆகாதவன். அவனுடைய சிகிச்சை அட்டையில் பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அதன் நகலொன்றைத் தம் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார் மாமா. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் தம் பெற்றோருக்கு மெழுகுதிரி ஏற்றுமுன் அவனுக்கு ஏற்றுவார்.

அதன் பிறகுதான் ஓலைப்பெட்டி வந்தது. ஓலை முடையும் பெண்மணி ஒருவரிடம் சொல்லி, கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள் கொண்ட, மூடி இறுகிய சிறு பெட்டிகளைச் செய்வித்தார். ஊசியைக் கடலுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. மாத்திரையை அனுப்பலாம் அல்லவா? எண்ணிப் போட்டுக் கொடுப்பார். வள்ளங்கள் கரையேறும் வேளையில் மணலில் நிற்பார். ஏலக்காரர் மீனைப் பார்க்கும்போது மாமா பெட்டியைத் திறந்து பார்ப்பார். மாத்திரை மிஞ்சியிருந்தால் அத்தனை பேர் முன்னிலையிலும் திட்டு விழும். பெரிய மனிதர், சிறிய மனிதர் என்ற பாகுபாடு அதில் இல்லை. சிலருக்கு அது கசப்பாகவும் இருந்தது; ஒருவர் ஈராண்டு அவரோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் மருந்தை உண்டு முடித்தார் என்பதில் மாமாவுக்குப் பரம திருப்தி.

நோயாளி மருந்து விழுங்குவதைப் பக்கத்தில் நின்று கண்காணிக்கும் முறையை அரசு 1997இல் நாடெங்கும் விரிவாக்கத் தொடங்கியபோது அவர் ஓய்வுபெற்றுவிட்டிருந்தார். செய்தியைப் படித்துக் காட்டினேன். "நல்லது, இனி அவர்களும் வெயிலில் நிற்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தார்.

சவேரியார் குகைக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும்போது, பலரும் அறியாத ஒன்றை மாமா தவறாமல் கூறுவார். 1542இல் இக்கரைக்கு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், அப்புனிதர் வெனிஸ் நகரில் தீராநோயாளர் மருத்துவமனையில் புண்களைக் கழுவிக்கொண்டிருந்தார் என்பதே அது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்து அவர் கை ஓய்ந்ததைப் பேசும் நாம், அந்தக் கை முதலில் பழகிய வேலையை மறந்துவிடுகிறோம் என்பது மாமாவின் மனக்குறை.

இறுதி ஆண்டில் அவருக்கே ஐந்து மாத்திரைகள். மகள் கால் மணி நேரம் பிந்திக் கொண்டுவந்தாலும் சுவர்க் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டுவார். அடக்கத் திருப்பலியன்று, எந்தெந்தக் கரைகளிலிருந்தோ வந்த முதியவர்கள் கோயிலின் பின்வரிசைகளில் அமர்ந்திருந்தனர். குடும்பத்தாருக்கு அவர்களில் பலரைத் தெரியாது. யாரென்று கேட்டால், "ஐயா கிட்ட மருந்து சாப்பிட்டவன்" என்று மட்டும் சொன்னார்கள்.

பெட்டி முடைந்த பெண்மணி இப்போது மூதாட்டி. பார்வை மங்கிவிட்டது, விரல்கள் இன்னும் ஓலையை அறியும். சென்ற முறை விடைபெற்றபோது எனக்கும் ஏழு அறைப் பெட்டி ஒன்றைத் தந்தார். இரத்த அழுத்த மாத்திரைகளை அதில்தான் போட்டுவைத்திருக்கிறேன்.