வெள்ளியங்கிரியில் ஒரு நாள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பூண்டி. அன்பர்கள் தென்கயிலாயம் என்று போற்றும் வெள்ளியங்கிரி மலைக்கு இதுவே வாயில். அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவரும் மனோன்மணி அம்மையும் கோயில் கொண்டிருக்கின்றனர். ஏழு மலைகளைக் கடந்தால், உச்சியிலுள்ள பாறைக் குகையில் சுயம்புலிங்கமாய் எழுந்தருளியுள்ள ஈசனைத் தரிசிக்கலாம்.

சென்ற பங்குனியில் நண்பர்கள் நால்வர் பூண்டியில் இரண்டு இரவுகள் தங்கினோம். வெயிலுக்கு அஞ்சி, இரண்டாம் இரவின் நடுச்சாமத்திலேயே மலையேறத் தொடங்கினோம். வனத்துறையினர் பைகளைச் சோதித்த பின், ஆளுக்கொரு மூங்கில் தடியை ஊன்றிப் புறப்பட்டோம்.

முதல் மலை முழுவதும் செங்குத்தான கற்படிகள். வெள்ளை விநாயகர் சந்நிதியை அடைவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. பின்னர் வழுக்குப் பாறை. அதையும் கடந்தால் கைதட்டிச் சுனை.

சுனையருகே எழுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் முழங்காலைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தவறாமல் உச்சிக்குச் சென்றவராம். மடியிலிருந்த வில்வப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, இதைச் சாமிகிட்டச் சேர்த்துருங்க. நான் இங்கிருந்தே கும்புட்டுக்கறேனுங்க."

அதன்பின் என் தோள்பையில் அந்தப் பொட்டலமே முதன்மையான சுமையாயிற்று. ஆண்டி சுனையின் உறையவைக்கும் நீரில் நீராடியபோதும் அது நனையாமல் காத்தேன். ஏழாம் மலையில் சில இடங்களில் கைகளையும் ஊன்றியே ஏற வேண்டியிருந்தது. கீழ்வானம் சிவந்த வேளையில் குகையை அடைந்தோம். பூசகர் அந்த வில்வத்தை இறைவன் திருமுடியில் சாத்தினார். எனக்கென வேண்டிக்கொள்ள எண்ணியிருந்தவை எவையும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

திரும்புகையில் பெரியவர் அங்கேயே காத்திருந்தார். திருநீற்றைக் கொடுத்தேன். நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, "இந்த வருசமும் பாத்துட்டேனுங்க" என்றார். அவர் முகத்தில் குறையேதும் இல்லை.

இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. முதிய அன்பர்கள் அதனை மதித்தல் நலம். உச்சியில் உறைபவரே பூண்டியிலும் காட்சி தருகிறார். காந்திபுரத்திலிருந்து பேருந்து வசதி உண்டு. அடிவாரத்தில் நின்று, ஏறுபவர் ஒருவர் கையில் ஒரு பிடி வில்வம் கொடுத்தனுப்புங்கள். அதுவும் மலையேறிய பயனே.