அக்காவின் படகு

பள்ளி வேலைகளுக்கிடையே எழுத எண்ணி எண்ணித் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன்.

2023 டிசம்பர் விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள என் அக்காவைப் பார்க்கச் சென்றிருந்தேன். எனக்குப் பதினொரு வயது மூத்தவர். தாதியர் பயிற்சிக்காக அங்கே சென்று, அங்கேயே மணமுடித்து, பணி ஓய்வும் பெற்றுவிட்டார். அவர் குடியிருப்பது வீட்டில் அன்று. பிரான்ஸ்டன் என்னும் ஊருக்கருகே, கால்வாயில் மிதக்கும் இரும்புப் படகில்! ‘நேரோபோட்’ என்கிறார்கள். நீளம் 57 அடி. அகலமோ 6 அடி 10 அங்குலந்தான். அங்குள்ள பழைய கால்வாய்கள் பலவற்றில் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் 7 அடி அகலத்தில் கட்டப்பட்டவை. ஆகவே படகும் அதற்குள் அடங்கவேண்டும். எங்கள் தோட்டத்து லயத்தை நீளவாட்டில் இழுத்து நீரில் விட்டதுபோல் இருந்தது எனக்கு.

அத்தான் 2021இல் மறைந்தபின் அக்கா அதில் தனியாக வாழ்கிறார். “படகை விற்றுவிட்டு ஊருக்கு வரச்சொல்” என்று அண்ணன் என்னிடம் சொல்லித்தான் அனுப்பினார். அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்குகள் மங்கி அணைந்தன. குளிர்பெட்டி நின்றது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெளியே கால்வாயின்மேல் பனிக்கட்டி ஏடாகப் படர்ந்திருந்தது.

“பேட்டரி மறுபடியும் செத்துப்போச்சு தம்பி. போன வருசந்தான் நாலையும் புதுசா மாத்தினேன்” என்றார் அக்கா. மாற்றச் சொன்னவர் ஒரு பழுதுபார்ப்பவர். அளந்து பார்த்தாரா என்று கேட்டேன். இல்லையாம்.

நான் இயந்திரம் படித்தவன் அல்லன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் கற்பிப்பவன். அவ்வளவே. ஆனால் எங்கள் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் ஓட்டியவர். எது கெட்டாலும் முதலில் எதையும் கழற்ற மாட்டார். சுற்றி வந்து பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார்.

படகின் மின்சாரம் எளிமையானதுதான். 12 வோல்ட். இயந்திரத்தைக் கிளப்ப ஒரு பேட்டரி தனியாக இருக்கிறது. விளக்கு, குளிர்பெட்டி, நீர்ப்பம்பு ஆகியவற்றுக்கு நான்கு பேட்டரிகள் இணையாகக் கட்டப்பட்டுள்ளன. டீசல் இயந்திரம் ஓடும்போது இரண்டு ஆல்டர்னேட்டர்கள் அவ்விரு பிரிவுகளுக்கும் தனித்தனியே மின்னூட்டுகின்றன. இதனால்தான் அக்கா ஏமாந்தார். காலையில் விளக்கு எரியாவிட்டாலும் இயந்திரம் ஒரே முறுக்கில் கிளம்பிவிடும். ஆகவே இயந்திரத்தின் பக்கம் குறையில்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

பக்கத்துப் படகுக்காரரிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கினேன். நிறைந்த ஈய-அமிலப் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதி காலி. அதற்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் அதன் ஆயுள் குறையும். எங்களுக்குக் கிடைத்ததோ 11.6! இயந்திரத்தை ஓடவிட்டு மறுபடி அளந்தேன். 14க்கு மேல் ஏறவேண்டியது 12.3லேயே நின்றது. வாங்கும் இடத்தில் மட்டுமன்று, கொடுக்கும் இடத்திலும் குறை இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பின்தளத்துப் பலகையைத் தூக்கி, கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். இரண்டாவது ஆல்டர்னேட்டரைச் சுற்றி மைபோல் கரிய தூள் படிந்திருந்தது. பெல்ட் வழுக்கித் தேய்ந்த ரப்பர்த் தூள். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாடை தெரியாதா? கட்டைவிரலால் அழுத்தினேன், அரை அங்குலம் அமுங்க வேண்டிய பெல்ட் இரண்டங்குலம் அமுங்கியது.

பேட்டரிச் சுவிட்சை அணைத்து, மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்தேன். ஆல்டர்னேட்டரின் திருகுகளைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் அதை நெம்பிப் பெல்ட்டை இறுக்கினோம். ‘இறுக்கினோம்’ என்றா எழுதினேன்? நெம்பியது நான், திருகை முறுக்கியது அக்கா. அவர் அந்தக் குழிக்குள் இறங்கியது அன்றுதான் முதல் முறை. “கை அழுக்காயிடும், நீ வராதேன்னே சொல்லிட்டிருந்தார்” என்றார். அத்தான் அன்பானவர், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அன்பு அக்காவைத் தம் வீட்டின் ஒரு பாதிக்குள் நுழையவிடாமலே வைத்திருந்தது.

மீண்டும் இயந்திரம் ஓடியது. 14.3.

ஆனால் மறுநாள் காலையும் விளக்கு மங்கியது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பேட்டரிகள் அல்லவா? நான்கையும் பிரித்து ஓர் இரவு ஓய்வில் வைத்தோம். மூன்று தேறின. ஒன்று மட்டும் 10.5 காட்டியது. ஒரு பேட்டரிக்குள் ஆறு அறைகள். அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறில் ஒன்று செத்தால் வருவது 10.5. என் மாணவர்களுக்குக் கொடுக்கத் தக்க கணக்கு! இணையாகக் கட்டியதால் அந்த ஒன்று மற்ற மூன்றின் மின்சாரத்தையும் குடித்துக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிய பிறகே விளக்கு விடியும்வரை எரிந்தது.

இன்னொன்று. இரவில் யாரும் குழாயைத் திறக்காதபோதும் நீர்ப்பம்பு அவ்வப்போது ‘உர்’ரென்று உறுமியது. பழகிப்போன ஒலி என்றார் அக்கா. குழாய் மூடியிருக்கப் பம்பு ஓடினால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஒவ்வோர் இணைப்பிலும் உலர்ந்த தாளை ஒற்றியெடுத்துக்கொண்டே போனோம். வெந்நீர்த் தொட்டியின் பின்னால் தாள் நனைந்தது. கவ்வியை இறுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. தரைப்பலகைக்குக் கீழே தேங்கியிருந்த இரண்டங்குல நீரைக் கடற்பஞ்சால் ஒற்றியெடுக்க இரண்டு நாளாயிற்று. படகின் அடித்தகடு வெளியிலிருந்து மட்டுமன்று, இப்படி உள்ளிருந்தும் துருப்பிடிக்கும்.

பஞ்சைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோதுதான் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கண்டேன். ‘கீச், கீச்’ என்று கத்திக்கொண்டிருந்ததால் கழற்றிப் போட்டுவிட்டாராம். இரவு முழுதும் கரியடுப்பு எரியும் மூடிய படகு! குடியிருக்கும் படகுகளில் அக்கருவி இருக்கவேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் அங்கே பாதுகாப்புச் சோதனையின் விதி. என் வாழ்நாளில் முதன்முறையாக அக்காவிடம் குரலை உயர்த்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே புதியது வாங்கி மாட்டினோம்.

அதன்பின் அக்கா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மருத்துவமனையில் நோயாளியின் கட்டில் முனையில் தொங்குமே, அத்தகைய அட்டவணை ஒன்றைக் கோடிட்டு வரைந்தார். காலை வோல்ட், இயந்திரம் ஓடும்போது வோல்ட், பெல்ட், தரைக்கடியில் ஈரம், எச்சரிக்கைக் கருவி, சுழல்தண்டின் கிரீஸ் என்று கட்டங்கள். “முப்பது வருசம் காய்ச்சல் அளக்காம ஒருத்தருக்கும் மருந்து குடுத்ததில்ல. இதுக்கு மட்டும் அளக்காமலே நாலு பேட்டரி வாங்கியிருக்கேன் பாரு” என்று சிரித்தார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் கேட்டார், “என்னடா, விற்கச் சம்மதிச்சாளா?” நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றேன். அவருக்குக் கோபம், இன்றும் முழுதாகத் தணியவில்லை. சென்ற வாரம் அக்கா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கிரீஸ் படிந்த கையில் புது பெல்ட். பழையதில் வெடிப்பு தெரிந்ததாம். அறுந்துபோகும் வரை காத்திருக்கவில்லையாம்.