கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால்

பாளையங்கோட்டை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மருமகன் இசக்கிமுத்துவுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். என் முழங்கால்தான் அடைமழைக்கு இரண்டு நாள் முந்தியே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வானிலைச் செய்தி கேட்கிற வேலை மிச்சம்.

முந்தாநாள் உன் அம்மா போன் போட்டு ஒரு பாட்டம் அழுதாள். "அண்ணே, உன் காக்கிச் சட்டையைப் பாத்துத்தான் இவன் இப்படி ஆயிட்டான்" என்று எனக்கும் சேர்த்துத் திட்டு. மீட்புப் பணிக்குத் தன்னார்வலராகப் பேர் கொடுக்கப் போகிறாய் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஏலே, தீயணைப்பு நிலையத்தில் ஆயுசைக் கழித்த மாமன் ஒருத்தன் இருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லையா? வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாய். சொல்ல மாட்டேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான ஜனங்களோடு நின்றுபோனது. அப்போது லாரி டியூபைப் போட்டு நீ கீழத்தெரு ஆச்சியை இழுத்துவந்த வீடியோவை உன் அம்மா பெருமையாக அனுப்பியிருந்தாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் மேலே லைஃப் ஜாக்கெட் இல்லை. கரையில் கயிறு பிடிக்க ஆள் இல்லை. உனக்குப் பின்னால் கரண்டு கம்பம் ஒன்று சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது, நீ திரும்பியே பார்க்கவில்லை. ஆச்சி பிழைத்ததில் பாதி உன் தைரியம், மீதி பாதி குலசாமி புண்ணியம். அடுத்த தடவையும் சாமி வரும் என்று என்ன நிச்சயம்?

வேகமாக ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி இருந்தால் காரையே தூக்கிக்கொண்டு போகும். ஆற்றில் நீந்திப் பழகினவனுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் அவன் பயப்பட மாட்டான். நம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையே எடுத்துக்கொள். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் அடியில் போய் முட்டி எழும்பி, மேல்பரப்பில் திரும்ப அணையைப் பார்த்தே வரும். வெள்ளக் காலத்தில் ஒரு கட்டை அங்கேயே உருண்டுகொண்டு, போகவும் மாட்டாமல் வரவும் மாட்டாமல் கிடப்பதைப் பார்த்திருப்பாய். ஆள் மாட்டினாலும் அப்படித்தான். அந்த இடத்தில் யாராவது கிடந்தால் நீ குதிக்கக் கூடாது. கரையில் நின்று கயிறு எறி. கயிறு இல்லையென்றால் காலிக் குடத்தையோ கேனையோ மூடி எறி. படகுக்குச் சொல்லி அனுப்பு. கண்முன்னே ஒரு உசிர் போகும்போது நிற்பதா என்று நீ கேட்பாய். ஆமாம், நிற்கத்தான் வேண்டும். இந்த வேலையில் முதலில் நீ, அடுத்தது உன் கூட்டாளி, அதற்கப்புறம்தான் மாட்டிக்கொண்டவன். இந்த வரிசை மனசுக்கு ஒப்பாது. ஒப்புக்கொள்ள முடியாதவன் இதற்கு வரக் கூடாது என்பது என் கட்சி.

கிணற்றிலும் இதே வரிசைதான். கிணற்றுக்குள் மூன்று பேர் கிடக்கிறார்கள் என்று போன் வந்தால், வண்டியில் போகும்போதே நாங்கள் கதையைச் சொல்லிவிடுவோம். ஒருத்தன் மோட்டாரைப் பார்க்க இறங்கியிருப்பான், மற்ற இரண்டு பேரும் அவனைத் தூக்க இறங்கியிருப்பார்கள். கழிவுத் தொட்டியிலும் இதே கதைதான். விஷவாயுவின் அழுகின முட்டை நாற்றம் முதலில் குப்பென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாது. காற்று சரியாகிவிட்டது என்று இறங்குகிறவன் நினைப்பான், அவன் மூக்குத்தான் மரத்துப் போயிருக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிற வீரனைப் பார்த்தால் பிடித்து உட்காரவை, அடித்தாலும் பரவாயில்லை. மூச்சுக் கருவி மாட்டாமல் அங்கே ஒருத்தனும் இறங்கக் கூடாது.

சரி, திட்டினது போதும். கலெக்டர் ஆபீசில் பேரிடர் மேலாண்மைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் ஆப்த மித்ரா பயிற்சிக்கு இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று கேள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் தொடங்கின திட்டம். 18 வயதிலிருந்து 40 வரைக்கும் சேரலாம், பயிற்சி 12 நாள். எடுக்கவில்லை என்றால் சும்மா திரும்பி வராதே, ஊர்க்காவல் படையைப் பற்றி விசாரி, செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி வகுப்பு எப்போது என்று கேள். முதலுதவி தெரியாமல் மீட்புக்குப் போகிறவன் உசிரைக் கரைவரைக்கும் கொண்டுவந்து அங்கே விட்டுவிடுவான். மூச்சும் நாடியும் நின்றுபோனவன் நெஞ்சை நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி அமுக்க வேண்டும். வகுப்பில் பொம்மையின் மேல் இரண்டு நிமிஷம் அமுக்கிப் பார், உன் ஜிம் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று தெரியும்.

பயிற்சிக்குப் போனதும் படகும் ஹெல்மெட்டும் கையில் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதே. முடிச்சுப் போட வைப்பார்கள், அவிழ்க்க வைப்பார்கள், இருட்டில் திரும்பப் போட வைப்பார்கள். கயிறு எறிவதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. சுருளைக் கொத்தாக எறிந்தால் பாதி வழியிலேயே விழும். பாதிச் சுருளை வலக்கையிலும் மீதியை இடக்கையிலும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் கிடக்கிறவன் தலையைத் தாண்டி விழுகிற மாதிரி எறிய வேண்டும், கயிறு தோளில் உரசினால்தான் பிடிப்பான். உன் பக்கத்து நுனியைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, அவனோடு நீயும் போய்விடுவாய். நம் தோப்பில் தென்னை மரத்தடியில் ஒரு குடத்தை வைத்து தினம் பழகு. அம்மா பார்த்தால் மாங்காய் அடிக்கிறேன் என்று சொல்.

தேடுவது என்பது பாதி பேச்சு, பாதி காது. வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் படுப்பார்கள், கடைசியாக யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். அழுகிறவர்களிடம் கேட்டு வாங்குவது லேசு இல்லை. உனக்கு அது வரும், சின்ன வயசிலேயே ஆச்சிகளிடம் கதை பிடுங்கினவன் நீ. இடிபாட்டில் என்றால் எல்லா மிஷினையும் நிறுத்தி, அத்தனை பேரும் வாயை மூடி, ஒருத்தர் மட்டும் கூப்பிட்டுவிட்டுக் காது கொடுப்பார்கள். செல்போன் மணிகூட அடிக்கக் கூடாது. 2014-இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் போனார்கள், அதிலும் மூன்று நாள் கழித்து ஒருத்தரை உயிரோடு எடுத்தார்கள். அதனால்தான் சட்டென்று கைவிட மாட்டார்கள்.

உனக்கு அதிகம் கிடைக்கப்போவது உயிரில்லாத உடம்புகள்தான். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். சின்னப் பிள்ளையாக இருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது. அன்றைக்கு உன் அம்மாவிடம் சொல்லாதே, எனக்கு போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. பேச வேண்டாம், போன் பண்ணினால் போதும். போட்டோ எடுக்கிற கூட்டத்தை விரட்டு. நீ எடுத்தாய் என்று கேள்விப்பட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

இன்னொன்று, வெள்ளத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண்ணோடு இறங்காதே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு டாக்டர் சொன்னபடி மாத்திரை போடு, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள். கடை முதலாளியிடம் இப்போதே பேசி வை. மழை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போனால் வேலை போய்விடும், அந்தப் பழியும் என் தலையில்தான் விழும்.

உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு வருகிறோம், அப்போது அத்தையே பேசுவாள், அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஜிபேயில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். பிடிமானமுள்ள நல்ல ஷூ வாங்கு. ரப்பர் கம்பூட் வேண்டாம், தண்ணீர் உள்ளே புகுந்தால் காலை அமுக்கிவிடும். லைஃப் ஜாக்கெட்டை நான் தூத்துக்குடியில் பார்த்து வாங்கி வருகிறேன், உன் நெஞ்சளவை மறக்காமல் அனுப்பு. ஷூ பில்லை மட்டும் அம்மா கண்ணில் காட்டாதே.

அன்புள்ள மாமா