வடம் பிடித்த கைகள்

சித்தன்னவாசல் குன்றில், பாறையில் வெட்டிய படிகளைக் கடந்து ஏறினால் ஏழடிப்பட்டம் என்னும் குகையை அடையலாம். சமண முனிவர்கள் படுத்திருந்த 17 கற்படுக்கைகள் அங்கே தலையணை மேடுகளோடு இன்றும் வழவழப்பாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் தமிழி எழுத்தும் உண்டு. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. பிள்ளைகளோடு நாங்கள் சென்றிருந்தபோது இளையவன், "அப்பா, புனிதராக வேண்டுமென்றால் இப்படிக் கல்லில்தான் படுக்கவேண்டுமா?" என்றான். "இல்லை" என்றோம். மேலும் கேட்பானோ என்று அஞ்சி இறங்கிவிட்டோம்.

அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஒரு வரப்பை முன்னிட்டு எங்கள் தமையனாரோடு ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரே கோயிலில் அவர் வலப்புறம், நாங்கள் இடப்புறம்.

எங்கள் பாட்டியார் 'அர்ச்சியசிஷ்டவர்' என்பார். சங்கத்திற்குப் பின் வந்த நமக்கு அது 'புனிதர்' ஆயிற்று. சொல் எளிதானதும் பொருளும் எளிதாகிவிடவில்லை. பீடத்தின் மேல் மாலையோடு நிற்பவர்கள் என்றே இன்னும் எண்ணுகிறோம். ஆனால் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தைப் பாருங்கள். தூய்மையாக்கப்பட்டவர்கள் என்று தொடக்கத்திலேயே அவர்களை அழைக்கிறார். ஆறாம் அதிகாரத்திலோ, சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் வழக்காடுகிறானே என்று அவர்களையே கடிந்துகொள்கிறார். இரண்டும் ஒரே மக்களுக்கு! அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் முகம் சுருங்கும்.

திருச்சபையின் போதனையும் இதுவே. திருமுழுக்கில் தூய்மை கொடையாக வருகிறது; நாம் சம்பாதித்ததன்று. பாவம் மன்னிக்கப்படுவதோடு உள்ளான மனிதனும் புதுப்பிக்கப்படுகிறான் என்று திரெந்து சங்கம் 1547-இல் தெளிவுபடுத்தியது. பெற்ற அக்கொடையை வாழ்வில் காத்து நிறைவாக்குவது துறவியர்க்கு மட்டுமன்றி எல்லா நிலையினர்க்கும் உரிய அழைப்பு என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. நம் நாட்டின் முதல் பொதுநிலைப் புனிதராக 2022 மே 15 அன்று உயர்த்தப்பட்ட தேவசகாயம் குகைவாசியல்லர். திருவிதாங்கூர் அரசின் அலுவலர், மணமானவர். அவர் சங்கிலியைச் சுமந்தார். எங்களுக்கோ ஒரு வரப்பே பெரும் பாரமாக இருந்தது.

ஆவூர் நமக்குப் புதிதல்ல; பூஷே அடிகளார் உழைத்த பழைய மதுரை மிஷன் தலம். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி அங்கே தேர் ஓடும். அவ்வாண்டு நெருக்கடியில் வடம் பிடித்தபோது, முன்னே இருந்த கையில் பழைய அரிவாள் தழும்பைக் கண்டோம். சிறு வயதில் எங்களுக்கு நுங்கு வெட்டித் தரும்போது ஏற்பட்டது அது. தமையனார் திரும்பிப் பார்த்தார். கைகளை எடுத்துவிட முடியாது, தேர் நகர்ந்துகொண்டிருந்தது.

அன்று பேசவில்லை. பேசியது நாற்பது நாள் கழித்து, அதுவும் மழை பற்றி. அருள் இவ்வளவு மெதுவாகவா வேலை செய்யும் என்று எங்கள் துணைவியார் கேட்டார். வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, வழக்கும் முடியவில்லை. அடுத்த வாய்தாவிற்குப் புதுக்கோட்டைக்கு இருவரும் ஒரே பேருந்தில் சென்றோம். பயணச்சீட்டை அவரே வாங்கினார்.